பெயரறியாப் பறவைகள்

ஆசிரியப் பணியில் ஒருவருக்கு வாய்க்கக்கூடிய நற்பேறுகளுள் ஒன்று, மாணவர் தொடுக்கும் வினாவுக்கு விடை தெரியாமல் நிற்பதாகும். அவ்வாறு நாம் விடையின்றி நின்ற இடம் வகுப்பறையன்று. மொன்றியல் நகரின் நடுவே எழுந்து நிற்கும் றோயல் மலையின் மேல், பீவர் ஏரியின் கரை.

சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. வழமையாக வகுப்பு நடைபெறும் மண்டபம் அன்று வேறொரு தேவைக்கு வேண்டப்பட்டது. ஆகவே பதினொரு மாணவரையும் மூன்று பெற்றோரையும் அழைத்துக்கொண்டு 11ஆம் இலக்கப் பேருந்தில் மலையேறினோம். ஏரிக்கரையில் அமரவைத்து, 'இயற்கையின் அழகு' என்னும் தலைப்பில் ஒரு பக்கக் கட்டுரை எழுதுவிப்பதே எமது எண்ணம். பிள்ளைகள் எழுதத் தொடங்கினர். "வானம் நீலமாக இருக்கிறது, மரம் பச்சையாக இருக்கிறது" என்று எல்லாக் கட்டுரைகளும் ஒரே கட்டுரையாக வளர்ந்துகொண்டிருந்தன.

அப்பொழுது கரையோரக் கோரைப்புல்லின் நுனியில் ஒரு பறவை வந்தமர்ந்தது. உடல் முழுதும் கரிய நிறம். தோள்களில் மட்டும் தீக்கங்கு போன்ற சிவப்பும் அதன் கீழே மஞ்சட் கரையும். சிறகை விரித்துத் தோளை உயர்த்தி அது குரல் கொடுத்தது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுதுகோலை வைத்துவிட்டு எழுந்தாள். அதன் பிரெஞ்சுப் பெயரை அவள் அறிந்திருந்தாள். பகற் பாடசாலையிற் சொல்லிக் கொடுத்திருந்தனராம். அவளுடைய தமையன் அதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னான். பின்னர் இருவரும் எம்மைப் பார்த்தனர்.

"சேர், இதுக்குத் தமிழிலை என்ன பேர்?"

"அது ஒரு குருவி" என்றோம்.

சற்று நேரத்தில் மரத்திலிருந்து இன்னொன்று கூவியது. அதையும் கேட்டாள். அதுவும் ஒரு குருவி என்றோம். மூன்றாவதற்கும் அதே விடை கிடைத்ததும் அவள் முகம் வாடியது.

"அப்ப தமிழிலை ஒரேயொரு குருவிதான் இருக்கோ, சேர்?"

அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். தான் வாரந்தோறும் நித்திரையை விட்டெழுந்து வந்து கற்கும் மொழியில் இவ்வளவுதானா இருக்கிறது என்பதே அக்கவலை. எமக்கு நாணம் மேலிட்டது. குறை மொழியினுடையதன்று, எம்முடையது என்பதை நாம் அறிவோம். பறவைகள் அதற்கு முன்னரும் இரண்டு தடவை எம் வாசலுக்கு வந்து கதவைத் தட்டியிருந்தன. நாம் திறக்கவில்லை.

முதற் தடவை 2003ஆம் ஆண்டு. அதற்கு முந்திய ஆண்டில்தான் ஏ9 பாதை திறக்கப்பட்டிருந்தது. தெற்கே மலை என்று ஒன்று உண்டு எனப் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த வன்னி மாணவர்களை அழைத்துக்கொண்டு நுவரெலியாவுக்குச் சுற்றுலா சென்றோம். ஆள்பதி கிரகரி 1873இல் அமைத்த ஏரியைப் பார்த்த பின்னர், நகர நடுவிலுள்ள விக்டோரியா பூங்காவினுள் நுழைந்தோம். அங்கே ஓடைக்கரையில் வெளிநாட்டார் சிலர், தொலைநோக்கிகளைக் கண்ணில் ஒற்றியபடி, சிலைபோல நின்றிருந்தனர். காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்னும் சிறு பறவை இமயமலைப் பக்கத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, மாரிகாலத்தைக் கழிக்க இலங்கையின் மலைநாட்டுக்கு வருகிறது என்பதும், அதைக் காண்பதற்காகவே உலகெங்குமிருந்து ஆட்கள் அப்பூங்காவைத் தேடி வருகின்றனர் என்பதும் அன்று எமக்குத் தெரியாது. "வேலையற்றவர்கள்" என எண்ணிக்கொண்டு, மாணவர்களை விரைந்து நடக்கச் சொன்னோம்.

இரண்டாவது தடவை நிகழ்ந்ததை எழுதுவது சற்றுக் கடினம்.

யாழ்ப்பாணக் கடலேரியின் கிழக்குக் கோடியில் சுண்டிக்குளம் இருக்கிறது. 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம். அக்கடலேரியை அண்டிய ஊரொன்றில், 2005 முதல் 2008 வரை சிறு பாடசாலை ஒன்றில் நாம் படிப்பித்தோம். ஐப்பசி மழையோடு வடக்கிலிருந்து பறவைகள் வரத் தொடங்கும். சைபீரியா, மத்திய ஆசியா ஆகிய தொலைநிலங்களிலிருந்து புறப்படும் அவற்றுக்கு இலங்கையே பயணத்தின் இறுதித் தரிப்பிடம். அதற்குத் தெற்கே தென்துருவக் கண்டம் வரையில் வெறுங் கடல்தான்.

ஆறாந்தரத்தில் ஒரு மாணவன் இருந்தான். எந்நேரமும் அவன் கண் யன்னலுக்கு வெளியேதான் இருக்கும். அவனுடைய அப்பியாசக் கொப்பியின் ஓரங்கள் எங்கும் பறவைகள். ஒவ்வொன்றின் கீழும் பெயர். பூநாரை, கூழைக்கடா, ஆலா, உள்ளான், ஊசிவால் தாரா. நாம் சிவப்பு மையால் "ஓரத்தில் வரையாதே" என்று எழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த கிழமையும் வரைந்திருந்தான். வகுப்புக்கு வெளியே நிற்கச் சொன்னோம். நாம் தண்டனை என்று கருதியதை அவன் வரமென்று ஏற்றான் என்பதை, வெளியே நின்று வானத்தைப் பார்த்த அவன் முகமே காட்டியது. அது எமக்கு மேலும் சினமூட்டியது. ஒருநாளாவது அவன் அருகிற் சென்று, "எதைப் பார்க்கிறாய்?" என்று நாம் கேட்டோமில்லை.

2009 தை மாத இறுதியில், ஊர் முழுவதும் தெருவில் இறங்கி நடந்துகொண்டிருந்த நாட்களில், நந்திக்கடல் ஓரமாக அவனைக் கடைசியாகக் கண்டோம். தாயின் பின்னால் ஒரு வாளியைச் சுமந்து வந்தான். எம்மைக் கண்டதும் நின்று, நீர்ப்பக்கம் கையைக் காட்டினான். "சேர், உள்ளான் இன்னும் இஞ்சைதான் நிக்குது. பங்குனி முடியத்தான் போகும்" என்றான். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தோம். பின்னர் முகாமிலே பெயர்ப்பட்டியல்கள் பலவற்றில் அவன் பெயரைத் தேடினோம். இன்றுவரை செய்தியில்லை. எங்கோ ஒரு நீர்க்கரையில் நின்றுகொண்டிருப்பான் என்றே எண்ணிக்கொள்கிறோம்.

பீவர் ஏரிக்கரையில் அச்சிறுமி கேட்ட வினா, அந்தச் "சேர்" என்ற குரலையும் எமக்குத் திருப்பித் தந்தது. அடுத்த கிழமையே நகர நூலகத்திற் பறவைக் கையேடு ஒன்றை இரவல் பெற்றோம். பழைய தொலைநோக்கி ஒன்றை மலிவாக வாங்கினோம். நாற்பது வயது தாண்டியபின் ஆனா ஆவன்னா படிக்கத் தொடங்கினோம். கற்றவற்றிற் சிலவற்றை, மாணவச் செல்வங்களே, உங்களுக்கு இங்கே சொல்கிறோம்.

முதலில் இடத்தை அறிவோம். 1535இல் ஜாக் கார்த்தியே என்னும் பிரெஞ்சு மாலுமி, ஒஷலகா ஊரின் பூர்வகுடி மக்கள் வழிகாட்ட இம்மலையில் ஏறி, அதற்கு றோயல் மலை எனப் பெயரிட்டார். நகரின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது. உயரம் 233 மீற்றர்தான். எங்கள் மலைநாட்டார் கேட்டால் இதையா மலை என்கிறீர்கள் என்று சிரிப்பர். நியூயோர்க்கின் மத்திய பூங்காவை வடிவமைத்தவர்களுள் ஒருவரான பிரெடரிக் லோ ஓம்ஸ்ரெட் இங்கும் பூங்காவைத் திட்டமிட்டார். அது 1876இல் திறக்கப்பட்டது. ஆனால் அப்பொழுது ஏரி இல்லை, சதுப்பு நிலமே இருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தோருக்கு வேலை கொடுக்கும் நோக்கில், பிரெடரிக் ரொட் என்பவரின் திட்டப்படி, 1938இல் இந்த ஏரி வெட்டப்பட்டது. தோண்டியபோது பண்டைய பீவர் அணையின் எச்சங்கள் காணப்பட்டமையால் பீவர் ஏரி என்றாயிற்று. ஆக, இது மனிதர் மண்சுமந்து கட்டிய குளம். குளம் கட்டி வாழ்ந்த எமக்கு அது அந்நியமானதன்று.

இத்துணைச் சிறிய மலைக்கு ஏன் இத்தனை பறவைகள் வருகின்றன? பூச்சியுண்ணும் சிறு பறவைகளுட் பல, வலசை போகும் காலத்தில் இரவிற்றான் பறக்கின்றன. விண்மீன்களும் பூமியின் காந்தப்புலமும் அவற்றுக்கு வழிகாட்டுகின்றன. விடியற்காலையிற் களைத்துப்போய்க் கீழே நோக்கும்போது, கொங்கிறீற்றுக் கடலின் நடுவே ஒரு பச்சைத்தீவு தெரிகிறது. அதுவே இம்மலை. மே மாத நடுப்பகுதியில் ஏரியைச் சூழ்ந்த மரங்களிலும், 1852இல் அமைந்த மலைச் சேமக்காலையிலும், வெஸ்ற்மவுண்ட் உச்சியிலுள்ள காட்டிலும், இலைக்கொரு பறவை எனும்படி கதிர்க்குருவிகள் வந்திறங்கும்.

அவற்றுள் ஒன்று கருந்தலைக் கதிர்க்குருவி. அதன் நிறை ஏறத்தாழ 12 கிராம். மூன்று தேக்கரண்டிச் சீனியின் நிறை. இலையுதிர்காலத்தில் அது வட அமெரிக்காவின் கீழைக் கரையிலிருந்து புறப்பட்டு, அத்திலாந்திக் பெருங்கடலின் மேலாக இரண்டு மூன்று நாட்கள் எங்கும் தங்காமற் பறந்து கரிபியன் தீவுகளை அடைகிறது. அங்கிருந்து தென் அமெரிக்காவுக்குச் செல்கிறது. ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர் கொண்ட இந்தக் கடற்பயணத்தை, பறவைகளின் முதுகிற் பொருத்திய நுண்கருவிகள் மூலம் 2015இல் அறிவியலாளர் உறுதிப்படுத்தினர். கடல் கடந்து வந்தோம் என்று நாம் பெருமூச்சு விடும்போதெல்லாம் இச்சிறு பறவையை நினைத்துக்கொள்வதுண்டு.

போகாமல் நிற்பவையும் உண்டு. கருந்தொப்பி அணிந்த ஒரு சிட்டு, பூச்சியத்துக்குக் கீழே 25 பாகைக் குளிரிலும் எங்கள் வீட்டுப் பல்கனிக் கம்பியில் வந்து நிற்கும். 2011இல் இந்நாட்டுக்கு வந்த முதல் மாரியில், இரவு வேலை முடித்துத் திரும்பிய ஒரு காலையில், எம்மை முதன்முதற் கண்ணெடுத்துப் பார்த்த உயிர் அதுதான். பெயர் கேட்க அன்று தோன்றவில்லை. இலையுதிர்காலத்தில் அது விதைகளை நூற்றுக்கணக்கான இடங்களில் ஒளித்து வைக்கிறது. ஒளித்த இடங்களை நினைவிற் கொண்டு மாரியில் எடுத்துண்கிறது. கடுங்குளிர் இரவுகளில் உடல் வெப்பத்தைப் பத்துப் பாகை வரை தணித்துச் சக்தியைச் சேமிக்கிறது. எதிரியைக் கண்டால் "சிக்-அ-டீ-டீ" என எச்சரிக்கும். ஆபத்து மிகுந்தால் இறுதியில் வரும் "டீ" ஒலிகளும் மிகும் என்று 2005இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. சிறு குருவிக்கும் இலக்கணம் உண்டு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

புதிதாய் வந்து குடியேறியவையும் உண்டு. பனியின் மேல் குங்குமம் சிந்தியதுபோல அமர்ந்திருக்கும் செங்கொண்டைக் கார்டினல் பறவை, நூறாண்டுகளுக்கு முன் கியூபெக்கில் மிக அரிது. தெற்கிலிருந்து மெல்ல மெல்ல வடக்கே பரவி வந்து, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே நிலைத்தது. மாரிக்கும் அது திரும்பிப் போவதில்லை. இன்று அதை எவரும் வந்தேறி என்று சொல்வதில்லை. இந்நகரின் பறவை என்றே சொல்கின்றனர்.

இவ்வளவும் கற்ற பின், அடுத்த ஆண்டு மே மாதம் அதே ஏரிக்கரைக்கு அதே வகுப்பை அழைத்துச் சென்றோம். இம்முறை கட்டுரை எழுதச் சொல்லவில்லை. "கால் மணிநேரம் பேசாமற் பாருங்கள். பார்த்ததற்குப் பெயர் தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் நீங்களே வையுங்கள்" என்றோம். நம் முன்னோர் அவ்வாறே செய்தனர். மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி, மீனைக் கொத்துவது மீன்கொத்தி, வாலாட்டுவது வாலாட்டி. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவிற் குரல் கொடுக்கும் வண்ணப் பறவைக்கு, மணிக்கூடு வந்த காலத்துத் தமிழர் ஆறுமணிக்குருவி என்று பெயரிட்டனர். பார்த்தவர் பெயரிட்டார், பாராதவர் எல்லாவற்றையும் குருவி என்றார்.

சத்திமுத்தப் புலவர் வறுமையில் வாடி மதுரையில் ஒதுங்கி நின்றபோது, ஊரிலிருந்த மனைவிக்கு நாரையைத் தூதுவிட்டுப் பாடினார் என்பது நீங்கள் படித்த கதை. அதன் அலகுக்கு அவர் கண்ட உவமை பனங்கிழங்கு. தெற்கே குமரிக்குச் சென்று பின் வடக்கே திரும்பும் நாரையின் வலசையையும் அவர் அறிந்திருந்தார். ஊர் பிரிந்த துயரிலும் அவர் கண் பறவையைக் கூர்ந்து நோக்கியது. அதனாற்றான் அந்தத் துயரம் இன்றும் எம்மை வந்து சேர்கிறது.

பிள்ளைகள் பெயர் வைத்தனர். கனடாவின் பெரிய வாத்துக்கு, தாடையின் கீழுள்ள வெள்ளைப் பட்டியைப் பார்த்து 'வெண்டாடை வாத்து' என்றான் ஒருவன். பச்சைத்தலைத் தாரா, கருந்தொப்பிச் சிட்டு என்று பட்டியல் நீண்டது. முந்திய ஆண்டு எம்மைத் திகைக்கவைத்த சிறுமி, கோரைப்புல்லில் இருந்த கரிய பறவையை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, 'செந்தோளன்' என்று எழுதினாள். பல்கலைக்கழகத்திற் பயின்ற எவரும் இதனினும் நல்ல பெயர் வைத்திருப்பாரோ என்பது ஐயமே. இப்பெயர்கள் அகராதியில் ஏறுமா என்று ஒரு தந்தையார் கேட்டார். ஏறாவிட்டாலும் பாதகமில்லை, பிள்ளையின் வாயில் ஏறிவிட்டனவே என்றோம்.

அதே ஆண்டு சித்திரை மாதத்தில், சென் லோறன்ஸ் ஆற்றின் லசால் கரையில் தனியாக நடந்துகொண்டிருந்தபோது எமக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். பனி உருகிய நீரில் தாராக்கள் பல மிதந்தன. அவற்றுள் ஒன்றின் கழுத்து நீண்டும் மெலிந்தும் இருந்தது. வாலோ ஊசிபோற் கூர்மை. கையேட்டைத் திறக்கத் தேவை இருக்கவில்லை. அப்பியாசக் கொப்பி ஒன்றின் ஓரத்தில் அதை நாம் முன்னரே பார்த்திருந்தோம். ஊசிவால் தாரா. பின்னர் கையேட்டைப் பார்த்தபோது, சுண்டிக்குளத்துக்கு வருவதும் இங்கே வருவதும் ஒரே இனம்தான் என்றும், வடதுருவத்தைச் சூழ்ந்த நாடுகள் எல்லாவற்றிலும் அது குஞ்சு பொரிக்கிறது என்றும் அறிந்தோம். அப்பறவைக்குப் புதுப்பெயர் தேவையில்லை. நாம் சிவப்பு மையால் வெட்டிய பெயரே அதன் பெயர்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தமிழ் பேசுகிறதில்லை என்று எம்மிடம் வந்து வருந்துகிறீர்கள். மே மாதத்தில் ஒரு காலை, ஏழு மணிக்கு முன்னர், அவர்களை மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே. பாண்துண்டு கொண்டு செல்ல வேண்டாம். பறவைகளுக்கு அது நல்லதன்று, பூங்கா விதியும் உணவிடுவதைத் தடுக்கிறது. அடர்ந்த நிறச் சட்டை, சிறு கொப்பி, சற்றுப் பொறுமை ஆகியன போதும். அங்கே தமிழிற் பேசு என்று பிள்ளையைக் கேட்க வேண்டாம். நீங்கள் ஊரிற் பார்த்த செம்பகத்தையும் புலுனியையும் மாம்பழக் குருவியையும் பற்றிச் சொல்லுங்கள். பிள்ளை தானாகக் கேட்கும். கேட்கும்போது "அது ஒரு குருவி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெரியாவிட்டால், "தெரியாது, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதுவும் நல்ல தமிழ்தான்.

ஒரு மொழி நாம் விட்டுவந்த ஊரின் பொருள்களை மட்டும் பெயரிட்டுக்கொண்டிருந்தால், அது பிள்ளைகளுக்குப் பழைய புகைப்படம் போலாகிவிடும். அவர்கள் கண்முன்னே பறப்பதையும் அது பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அப்பொழுதுதான் இந்நாட்டுக் குளிரிலும் அது கருந்தொப்பிச் சிட்டைப்போல் நின்றுபிடிக்கும்.

எமது வகுப்பில் இப்பொழுது ஒரு விதி இருக்கிறது. புதிய கொப்பி கொடுக்கும் முதல் நாளிலேயே அதனை மாணவருக்குச் சொல்லிவிடுகிறோம். நடுப்பகுதி பாடத்துக்குரியது, அங்கே பிழை கண்டால் திருத்துவோம். ஓரங்கள் உங்களுடையவை. அங்கே எதையும் வரையலாம். ஒரேயொரு நிபந்தனை, வரைந்ததன் கீழே அதன் பெயரைத் தமிழில் எழுத வேண்டும். அந்த ஓரங்களில் நாம் சிவப்பு மை படவிடுவதில்லை.